மூன்றாவது நிறுத்தத்துப் பேய்

மூன்றாவது நிறுத்தத்தில் காட்டப்போகிற பேய் தான்தான் என்று தெரிந்தும், முதல் நிறுத்தத்தில் கொடுத்த மிளகாய் பஜ்ஜியை மங்கையர்க்கரசி ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தின்று முடித்தாள். கோபம் வந்தால் அவளுக்குப் பசிக்கும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான்; அப்பா கை ஓங்கினால் நேரே அடுக்களைக்குப் போய்ச் சட்டியில் இருக்கிற நேற்றைய குழம்பை வழித்துத் தின்பாள். இன்றைக்கு மதியம் கடலூரில் பஸ் ஏறியதிலிருந்தே பசிதான். "ஆன்ட்டி, காரம் ஓகேவா? இன்னொண்ணு சொல்லட்டுமா?" என்று ஷெர்லின் கேட்டாள். இந்த நடையை நடத்திக்கொண்டு போகிற பெண் அவள். இருபத்தைந்து இருபத்தாறு இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பாட்டரி லாந்தர், பேசும்போதெல்லாம் கண்ணை அகல விரித்துக்கொள்கிறாள். நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறது, அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவளாக இருந்தால் திட்டுவதற்கு வசதியாக இருந்திருக்கும். "பசியும் பேயும்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பி, புதுச்சேரியில் மூன்று இடத்தில் நிறுத்தி, தின்னவும் குடிக்கவும் கொடுத்து, இடத்துக்கொரு பேயைச் சொல்லி அனுப்புவார்களாம். கோயம்புத்தூரிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, பெங்களூரிலிருந்து ஆபீஸ் சிநேகிதர்கள் நாலு பேர், தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர், எட்டாவதாக இவள். மகள் பிரின்சிதான் போனில் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். அதற்கு முன்னால் போனை மூக்குக்கு நேரே நீட்டி, "அம்மா, இது உங்க வீடுதானே?" என்று கேட்டவளும் அவள்தான். மாடி ஜன்னல், பச்சைக் கதவு, கீழே அப்பாவின் அரிசி மண்டி இருந்த இடத்தில் ஒரு பார். படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: தொண்ணூற்று மூன்றில் இந்த வீட்டுக் கிணற்றில் விழுந்து உயிரை விட்ட மங்கை இன்றும் மாடியில் நடமாடுகிறாள், துணிச்சல் உள்ளவர்கள் ஏறிப் பார்க்கலாம். பிரின்சி அதைப் படித்துக் காட்டும்போது மங்கை பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். "நான் எங்கடி அங்க நடமாடறேன், இங்கதான உங்கப்பனுக்கு சுகர் மாத்திரை எடுத்துக் குடுத்துக்கினு கெடக்கறேன்!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

லாந்தர் முன்னால் போக எல்லோரும் வாய்க்கால் ஓரமாக நடந்தார்கள். இந்தத் தெருவில் இவள் டைப்ரைட்டிங் வகுப்புக்கு நடந்திருக்கிறாள். அந்த மூலையில்தான் ஐஸ் வண்டி நிற்கும். ஐஸ் கட்டிகளைச் சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு சவரிநாதன் இறங்குவான், சட்டையெல்லாம் நனைந்திருக்கும். அந்த ஈரச் சட்டையைப் பார்த்துத்தான், சரி, அது இப்போது எதற்கு. இப்போது முக்கியம் மாடி. மாடியில் அம்மா. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறாள் என்று பழைய சிநேகிதி சந்திரா சொன்னாள். தெருப் பக்கத்து அறையில், மங்கையின் அறையில், போட்டிருக்கிறார்களாம். மங்கை தம்பிக்குப் போன் செய்தாள். "ராங் நம்பர்" என்றான். மறுநாளும் ராங் நம்பர். ஒரு நாள் கொஞ்சம் நீட்டி, "அப்படி ஒருத்தரு எங்க வீட்ல கெடையாதுங்க, இருந்தாங்க, எறந்துட்டாங்க" என்று பொறுமையாக விளக்கினான், தொலைந்துபோன கேஸ் பில்லுக்குப் பதில் சொல்கிற மாதிரி. நேரில் வந்தாள். கேட்டில் நின்ற காவலாள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து கேட்டைச் சாத்தினான். முப்பத்திரண்டு வருஷம் ஒதுங்கியிருந்தாள், ஒரு நாளும் சொத்து கேட்டதில்லை, அப்பா செத்தபோதுகூடத் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். இப்போது கேட்டது ஒன்றுதான், அம்மாவை ஒரு தரம் பார்க்க வேண்டும். அதற்கு வழியில்லை. ஆனால் டிக்கெட் வாங்கினால் எவனும் அந்த மாடியில் ஏறலாம். பெங்களூர்க்காரன் ஏறலாம், பீர் நாற்றத்தோடு ஏறலாம், செருப்போடு ஏறலாம். பெற்ற மகள் ஏறக்கூடாது. அடேயப்பா, என்ன நியாயம்! வாய்விட்டுச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, கோயம்புத்தூர்ப் பெண் திரும்பிப் பார்த்து, "என்னங்க்கா, கால் வலிக்குதுங்களா?" என்றாள். "இல்லம்மா, நடங்க" என்றாள் மங்கை.

இரண்டாவது நிறுத்தம் ஒரு பழைய பார். தாழ்வான கூரை, ஈர சிமெண்டுத் தரை, நெத்திலி வறுபடுகிற வாசனை. ஷெர்லின் எல்லோருக்கும் ஒரு வித்தை கற்றுக்கொடுத்தாள்: முதல் மடக்குக்கு முன்னால் விரலை கிளாசில் நனைத்து இரண்டு சொட்டு தரையில் தெளிக்க வேண்டும், அது நம்மோடு இல்லாதவர்களுக்கு. வெள்ளைக்காரர் ரொம்பப் பக்தியோடு தெளித்தார். மங்கை தன் லெமன் சோடாவில் விரலை வைத்தவள் எடுத்துக்கொண்டாள். யாருக்குத் தெளிப்பது, எனக்கேவா? தெளிக்கிறதெல்லாம் அன்றைக்கே தெளித்து முடித்துவிட்டார்களே. மகள் இப்படி ஒருவனோடு போனால் தலை முழுகிவிட்டோம் என்று சொல்வது எல்லா ஊரிலும் உண்டு, பெரும்பாலும் அது வாயோடு போகும். அப்பா வாயோடு விடவில்லை. வைக்கோலில் ஓர் உருவம் கட்டி, இவளுடைய தாவணியைச் சுற்றி, கொள்ளி வைத்து, பதினாறாம் நாள் கருமாதி செய்து, பந்தி போட்டுவிட்டார். தம்பி தணிகாசலத்துக்கு அப்போது பதினெட்டு வயசு, மொட்டை அடித்துக்கொண்டானாம். அவனுக்கு சைக்கிள் பழக்கியது யார், இவள்தான், சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடியவள். அப்புறம் போஸ்டர். அதை மங்கை தன் கண்ணால் பார்த்தாள். சர்டிபிகேட் வாங்க ரகசியமாக வந்தவள், பஸ் நிலையச் சுவரில் தன் முகத்தைப் பார்த்தாள், கண்ணீர் அஞ்சலி, தோற்றம் இத்தனை, மறைவு இத்தனை. மறைவு என்று போட்டிருந்தது அவள் கல்யாணத் தேதி. பசை காயவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், "பாவம், சின்ன வயசு" என்று இவளிடமே சொன்னார். ஆமாங்க என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அப்போதே அந்த இடத்திலேயே கிழித்திருக்க வேண்டும், நான்தாய்யா அது என்று கத்தியிருக்க வேண்டும். ஆமாங்க என்றாளே. இருபத்திரண்டு வயசில் அவ்வளவுதான் வந்தது. அதையெல்லாம்கூட விடலாம். தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்பது வேறொன்று: அன்றைக்கு அம்மா தலை முழுகினாளா? அப்பா முழுகினார், தம்பி முழுகினான், சித்தப்பா பெரியப்பா வகையறா எல்லாம் முழுகினார்கள். அம்மா? சந்திராவைக் கேட்டால் "கூட்டத்துல பாக்கலடி" என்கிறாள். முப்பத்திரண்டு வருஷமாகத் துணி துவைக்கும்போது, ரேஷன் வரிசையில் நிற்கும்போது, சவரியின் காலைப் பிடித்துவிடும்போது, எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. அம்மா முழுகினாளா. முழுகியிருந்தால் மாடி ஏறி என்ன செய்ய? "யாரும்மா நீ" என்று அம்மாவும் கேட்டால்? ராங் நம்பர் என்று அந்த வாயிலிருந்தும் வந்தால்? நெத்திலி தட்டு முன்னால் வந்தது. தலையோடு ஏழெட்டு தின்றாள்.

"அடுத்தது நம்ம கடைசி ஸ்டாப், ஸ்டார் அட்ராக்ஷன்" என்றாள் ஷெர்லின். "இது கட்டுக்கதை இல்ல. போலீஸ்காரங்களே நைட்ல இந்தப் பக்கம் வர மாட்டாங்க." போலீஸ்காரர்கள் எதற்கு வர வேண்டும், உயிரோடு இருக்கிறவளைக் கொன்றதற்காகவா? வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீடு தெருவைவிட்டு இறங்கிவிட்டது போலிருந்தது, அல்லது தெரு உயர்ந்துவிட்டது. பச்சைக் கதவு அதே பச்சை. மாடி ஜன்னலில் மங்கலாக ஒரு விளக்கு. "பாருங்க, யாரும் இல்லாத ரூம், ஆனா வெளக்கு எரியுது" என்று ஷெர்லின் குரலைத் தாழ்த்தினாள், ஏழு பேரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். யாரும் இல்லாத ரூமாம்! உள்ளே என் அம்மா படுத்திருக்கிறாள், அடிப் பாவி. மண்டிக்குள் நுழைந்தார்கள். அரிசி மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் சோபா, நீல விளக்கு, எங்கிருந்தோ வீணை. சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், அந்த போஸ்டர். ஓரம் பழுத்திருந்தது. ஒன்றைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். "இதான் ப்ரூஃப்" என்றாள் ஷெர்லின், "இந்த போஸ்டரப் பாத்துத்தான் நான் இந்தக் கதையையே தேடி வந்தேன். பேரு, போட்டோ, தேதி, எல்லாம் இருக்கு பாருங்க." ஐயோ பெண்ணே, அச்சடித்திருந்தால் செத்துவிட்டதாகத்தான் அர்த்தமா? உன்னை மாதிரிதான் இந்த ஊரும், போஸ்டர் ஒட்டினால் போதும், பிணம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. படத்தில் இருக்கிற ரெட்டைச் சடைப் பெண்ணையும் பக்கத்தில் மூக்குக் கண்ணாடியோடு நிற்கிற நரைத்த தலையையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒரு கிளாஸ் கையில் வந்தது, விளிம்பில் உப்புத் தடவியிருந்தது. இந்த டிரிங்குக்குப் பெயர் என்னவென்று பெங்களூர்க்காரன் ஒருவன் கேட்டான். "மங்கையின் கண்ணீர்" என்றாள் ஷெர்லின். எல்லோரும் ஆகா என்றார்கள். என் கண்ணீரை நான் எந்தக் கிளாசிலும் பிடித்துக் கொடுக்கவில்லையே, அதில் எலுமிச்சம்பழம் வேறு பிழிந்திருக்கிறார்களே என்று மங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளாசைத் தம்பியின் மேஜைமேல் டக்கென்று வைத்தாள்.

தம்பியே வந்தான். வயிறு போட்டிருந்தான், மீசைக்குச் சாயம், அப்பாவின் நடை. எல்லோருக்கும் கும்பிடு போட்டான். மங்கைக்கும் போட்டான், நேராக முகத்தைப் பார்த்து, "வாங்க மேடம், ஏசி பத்துதுங்களா?" என்றான். அடையாளம் தெரியவில்லை. தெரிந்துவிடுமோ என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் பயந்தவளுக்கு, தெரியவில்லை என்றதும் ஓர் அறை விட வேண்டும்போல் இருந்தது. உன் மூக்கில் சளி துடைத்துவிட்ட கைடா இது. அவன் கதையைத் தொடங்கினான், தொடக்கத்திலேயே குரலைக் கம்மவைத்துக்கொண்டான். அக்காவுக்கு ஒரு பிரெஞ்சு மாலுமியோடு காதல். கப்பல் போய்விட்டது. அக்கா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு அமாவாசை அன்றைக்குப் பின்கட்டுக் கிணற்றில் இறங்கிவிட்டாள். கோயம்புத்தூர்ப் பெண் மூக்கை உறிஞ்சினாள். மங்கை ஒவ்வொன்றாகக் கணக்குத் தீர்த்தாள். இந்த வீட்டில் கிணறு ஏதடா, அடி பம்புதானே, அதையும் அடித்தது நான்தானே. வெள்ளைச் சேலை என்னிடம் ஏது. அமாவாசை இல்லை, கார்த்திகை மாசத்து வெள்ளிக்கிழமை, பட்டப்பகல், மழை. மாலுமியாம், பிரெஞ்சாம்! சவரி காலனிக்காரன். அதற்குத்தானடா வைக்கோலைக் கொளுத்தினீர்கள். வெள்ளைக்காரனோடு போனவள் என்று சொல்ல உங்களுக்கு நாக்கு இனிக்கிறது, ஐஸ் தூக்கினவனோடு போய்ப் பிள்ளை பெற்றுக் குடித்தனம் நடத்துகிறாள் என்று சொல்ல மட்டும் கசக்கிறது. என்னைச் சாகடித்தது போகட்டும். அந்த மனுஷனை இந்தக் கதையில் பிறக்கவே விடவில்லையே! முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள் என்னை வாடி போடி என்று அதட்டாதவன், காலையில் கிளம்பும்போது, "போ மங்க, ஆனா அங்க போய் அழுதுடாத" என்று மட்டும் சொன்னவன். அழவில்லை. இதோ எழுந்து நிற்கப்போகிறேன், போஸ்டரைக் கழற்றித் தரையில் போட்டு, நான்தான் மங்கை, என் ஆதார் அட்டை இதோ என்று பையிலிருந்து எடுக்கப்போகிறேன். பஸ்ஸில் நாலு தரம் ஒத்திகை பார்த்தாயிற்று. கை பையின் ஜிப்பில் இருந்தது. ஆனால் இப்போது சொன்னால் மாடி போயிற்று. இங்கேயே கேட்டைச் சாத்திவிடுவான். வாயை மூடு, மங்கை, இன்னும் பத்து நிமிஷம் பேயாக இரு. ஜிப்பை விட்டாள்.

மாடிப்படி பதினேழு. எண்ணத் தேவையில்லை, கால் எண்ணிற்று. பன்னிரண்டாவது படி சற்று உயரம், முன்னால் போன பெங்களூர்க்காரனுக்குக் கால் தடுக்கியது, இவளுக்குத் தடுக்கவில்லை. கூடத்தில் அப்பாவின் படம் மாலையோடு. அதற்கு எதிரே சாத்திய கதவு, வெளிப்பக்கம் நாதாங்கி போட்டிருந்தது. வெளியிலிருந்து நாதாங்கி போட்டு உள்ளே ஒரு மனுஷியை வைத்திருக்கிறான். அதன் முன்னால் தணிகாசலம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், ஆர்வம் தாங்காமல் யாராவது திறந்துவிடப் போகிறார்கள் என்று. "முப்பது வருஷமா தொறக்காத ரூம்" என்றாள் ஷெர்லின். பினாயில் வாசனை கதவிடுக்கில் வந்தது, அதன் கூடவே மூத்திர வாடை, அதன் கூடவே அம்மா போட்டுக்கொள்கிற வலித் தைலம். இத்தனை பேரில் ஒருவர் மூக்குக்குமா எட்டவில்லை? லாந்தரை அணைத்தாள் ஷெர்லின். "எல்லாரும் சேந்து மூணு வாட்டி பேரச் சொல்லிக் கூப்பிடணும். சில நாள் பதில் வரும், சில நாள் வராது." மங்கை, என்று ஏழு குரல் இருட்டில் கூப்பிட்டன. கூச்சமும் சிரிப்பும் கலந்த குரல்கள். இந்த வீட்டுக்குள் அந்தப் பெயரைச் சொல்லி எத்தனை வருஷம்! வாடகைக்கு ஆள் பிடித்துக் கூப்பிடுகிறார்கள். மங்கை, இரண்டாம் தரம். மங்கை, மூன்று. ஒன்றுமில்லை. மின்விசிறி சத்தம். அப்புறம் கதவுக்குப் பின்னால் ஒரு முனகல், அடிவயிற்றிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தது. கோயம்புத்தூர்ப் பெண் வீல் என்று புருஷனைக் கட்டிக்கொண்டாள். "பயப்படாதீங்க ஆன்ட்டி," என்று ஷெர்லின் இவள் காதோடு சொன்னாள், "அது அங்கிள் உள்ள வச்சிருக்கற ஸ்பீக்கரு. நாலு மாசமா இருக்கு. செம எஃபெக்ட் இல்ல?" முனகல் மறுபடி வந்தது, இந்தத் தரம் அதற்குள் ஒரு சொல் இருந்தது. "ஏ, மங்க." கடைசி எழுத்தை விழுங்கிக்கொண்டு அப்படிக் கூப்பிட உலகத்தில் இரண்டே பேர்தான் உண்டு, ஒருவன் கடலூரில் இருக்கிறான். மங்கைக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நாலு மாசம். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கதவுக்கு வெளியே கூட்டமாக நின்று மகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், உள்ளேயிருந்து அவளும் கூப்பிட்டிருக்கிறாள், இவர்கள் கைதட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போயிருக்கிறார்கள். ஒத்திகை பார்த்த பேச்சு ஒரு வரி நினைவில்லை. ஆதார் அட்டையும் மறந்துபோயிற்று.

"அம்மா!" என்றாள் மங்கை, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "நாந்தாம்மா, வந்துட்டேன்." யாரோ கைதட்டத் தொடங்கி நிறுத்தினார்கள். ஷெர்லின் தடுமாறி லாந்தரை மறுபடி எரியவிட்டாள். கூட்டம் தானாக விலகியது. "மேடம், ரூம் கிட்ட போகக்கூடாது, அது டூர்ல இல்ல" என்று தணிகாசலம் கையை நீட்டி மறித்தான். "தணிகா" என்றாள். அப்போதுதான் பார்த்தான். வாய் "அக்" என்று தொடங்கி, அங்கேயே விழுங்கிக்கொண்டு, கூட்டத்தை ஒரு பார்வை, மறுபடி இவளை ஒரு பார்வை, "யாருங்க நீங்க?" என்றான். ஏழு பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஷெர்லினின் கண் இவள் முகத்தில், கன்னத்தில், மூக்கில் ஓடுவதை மங்கை பார்த்தாள். கீழே சுவரில் பார்த்த முகத்தை அந்தப் பெண் இப்போதுதான் நினைவில் தேடுகிறாள். "செத்தவடா" என்றாள் மங்கை. "நீதான மொட்ட அடிச்ச. செத்தவள எந்தக் கதவுல நின்னு தடுப்ப நீ? தள்ளு." அவன் தள்ளவில்லை. கூட்டத்துக்கு நடுவில் தொடவும் முடியாமல், அக்கா என்று சொல்லவும் முடியாமல், பேய் என்று சொல்லவும் முடியாமல், வேர்த்து வழிய நின்றான். ஷெர்லின்தான் வெளிறிய முகத்தோடு முன்னால் வந்து, "அங்கிள், நவுருங்க" என்றாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "யாரு அங்க சண்ட போடறது, மங்கயா?" என்றது அம்மாவின் குரல், ரொம்பக் கோபமாக, சற்று முன்னால்தான் இவள் கீழே கடைக்குப் போயிருந்த மாதிரி. "எத்தினி வாட்டிடி கூப்புடறது உன்ன? காதுல இன்னா பஞ்சா வச்சிருக்க? வந்து இந்தத் தலகாணிய நேரா வையி, கழுத்து நோவுது." "வரேம்மா, கத்தாத" என்று மங்கையும் கத்திக்கொண்டே, தம்பியின் கையை ஒதுக்கிவிட்டு, நாதாங்கியைத் தூக்கினாள்.